ராகு குடியிருந்த மோதிரம்

லண்டன் ஃபாரஸ்ட் கேட் பகுதியில், மளிகைக்கடைக்கு மேல்மாடியில் அன்று கூட்டம் நெருக்கித் தள்ளியது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு மடிக்கணினி. பெற்ற பிள்ளையைக்கூட இத்தனை பத்திரமாக அணைத்திருக்க மாட்டார்கள். இருக்காதா பின்னே? வந்திருப்பவர் சாதாரணச் சாமியாரா? டிஸ்க் சித்தர்! கணினிக்குள் சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ராகு ஏறிவிட்டால் இறக்கிவிடுவாராம். தொண்ணூற்றேழாம் ஆண்டு லண்டனில் ராகுவுக்கும் வாடகைக்கு வேறு வீடு கிடைக்கவில்லை போலும்.

வரிசையில் யோகராஜாவும் மடிக்கணினியை இறுக்கி அணைத்தபடி நின்றார். பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் அடித்துக்கொண்டே எழுதிய ஆய்வேடு அவருடைய கணினியில் இருந்தது. திங்கட்கிழமை பல்கலைக்கழகத்தில் கொடுக்க வேண்டும். வேறு பிரதி கிடையாது.

"ஒரு பிளொப்பியிலயாவது கொப்பி எடுத்து வையுங்கோவன்" என்று கூட வந்திருந்த மனைவி நிர்மலா தலைபாடாய் அடித்துக்கொண்டாள்.

"அது சாமியைச் சந்தேகப்படுற மாதிரியெல்லே" என்றுவிட்டார் மனிதர். படித்தவரல்லவா!

சித்தர் ஒரு பக்தரின் பிளொப்பி டிஸ்க்கை வாங்கி, பெரிய மோதிரம் போட்ட வலக்கையால் தடவினார். கணினியில் போட்டால் திறக்கவில்லை. "ராகு!" என்றார். இன்னொன்றை இடக்கையால் தடவினார். திறந்தது. "அருள்!" என்றார். அரோகரா சத்தத்தில் கூரை அதிர்ந்தது.

காணிக்கை விழுந்ததும் பரிகாரம் தொடங்கும். புதுக்காரின் சில்லுக்கடியில் வைப்பதுபோல, கணினியின் நாலு மூலைக்கும் தேசிக்காய். ஓடிக்கொண்டிருக்கும் கணினியைத் தூக்கித் தலையைச் சுற்றி மூன்று சுற்று. பிறகு எழுத்துப் பலகை நிறைய விபூதி.

போன கிழமை சுற்றுவித்த தில்லையம்பலத்தாரின் டிஸ்க், வீடு போய்ச் சேருமுன்பே 'கடக் கடக்' என்று உயிரை விட்டிருந்தது. அவரோ முன்வரிசையில் கைகூப்பி நின்றார்.

"பூசை செய்யாட்டி வீடே எரிஞ்சிருக்கும், தம்பி!" என்றார் யோகராஜாவிடம்.

யோகராஜாவின் முறை வந்தது. சித்தர் கணினியைத் தூக்கக் கை நீட்டினார்.

"பொறுங்கோ சாமி" என்று நிர்மலா குறுக்கே வந்தாள். "ராகு எப்பவும் உங்கட வலக்கைக்கு மட்டும் வாறார். அந்த மோதிரத்தைக் கழட்டிப்போட்டு ஒருக்காத் தடவுங்கோ, பாப்பம்."

"இமயமலையில குரு போட்டுவிட்டது. கழட்ட ஏலாது."

"சரி, கழட்ட வேண்டாம்."

தாலிக்கொடியில் குத்தியிருந்த சேஃப்டி பின்னை எடுத்து மோதிரத்துக்குக் கிட்டப் பிடித்தாள். அது துள்ளிப் போய் ஒட்டிக்கொண்டது. சித்தர் கையை உதறினார். விழவில்லை.

"காந்தம்! எங்கட ஒபிசில பிளொப்பிக்குக் கிட்ட இதைக் கொண்டுபோக விடமாட்டினம், எழுதினதை அழிச்சுப்போடும். தில்லையம்பலத்தாரின்ர லப்டொப்பை மட்டும் ராகுவே கொன்றது? ஓடுற டிஸ்க்கைத் தூக்கிக் குலுக்கினா அது சாகாமல் என்ன செய்யும்?"

கூட்டம் காணிக்கைத் தட்டின்மேல் பாய்ந்தது. சித்தர் பின்பக்கக் குசினிக் கதவால் பறந்தார்.

யோகராஜா கணினியை நிறுத்தினார், மூடினார், துவாயில் சுற்றினார். வெட்கம் பிடுங்கித் தின்றது. "வீட்ட போனவுடன முதல் வேலை கொப்பி எடுக்கிறதுதான்" என்றார் மெல்ல.

தில்லையம்பலத்தார் மட்டும் அசையவில்லை. "காந்தத்துக்கும் ஒரு சக்தி இருக்குத்தானே, பிள்ளை!"

ஐயாமாரே, அம்மாமாரே! கணினியைத் தூக்கும்போது அதை நிறுத்திவிட்டுத் தூக்குங்கள். சாமியாரிடம் போகும்போது மூளையை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். அதற்குப் பிரதி எடுக்க இன்னும் எவரும் வழி கண்டுபிடிக்கவில்லை.