வெங்காயத்தோல் வைத்தியம்

ஒரு காட்டில் எல்லா மிருகங்களுக்கும் கைப்பேசி வந்து சேர்ந்தது. அடுத்த வாரமே எல்லா மிருகங்களும் வைத்தியர்களாகிவிட்டன. நோயாளிக்குத்தான் தட்டுப்பாடு. அந்த நேரம் பார்த்து, செங்கமலம் என்ற முள்ளம்பன்றிக்குக் கழுத்தில் ஒரு கட்டி கிளம்பியது.

தொட்டால் வலிக்கவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. மரங்கொத்தி டாக்டரிடம் போனாள். அவர் சோதித்துப் பார்த்துவிட்டு, "புற்றுக்கட்டிதாம்மா. சின்னதா இருக்கு. இப்பவே அறுத்து எடுத்துட்டா பிழைச்சுக்கலாம்" என்றார்.

அறுப்பது என்ற சொல் காதில் விழுந்தது, பிழைப்பது என்ற சொல் விழவில்லை. வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்துவிட்டாள். முள்ளம்பன்றிக்கு வேறு மாதிரிப் படுக்கவும் வராது.

பக்கத்துப் புதர் நரி தணிகாசலம் ஓடி வந்தார். அடுத்தவர் உடம்பென்றால் அவருக்குத் தனி அக்கறை.

"கத்தியா? என்ன தங்கச்சி நீ! வெங்காயத்துல ப்ளேவனாய்டுன்னு ஒரு சத்து இருக்கு. புற்றுநோயை விரட்டி விரட்டி அடிக்குதாம். தோலைக் கொதிக்கவச்சுக் குடி. வெளிநாட்டுல எலிங்களுக்குக் கொடுத்து நிரூபிச்சிட்டாங்க."

"அந்த எலிங்க இப்ப எப்படி இருக்குதுங்க அண்ணே?"

"அதெல்லாம் செய்தியில போடலை."

செங்கமலம் காலையும் மாலையும் குடித்தாள். பயத்தில் வந்த கண்ணீர் எது, வெங்காயத்தில் வந்தது எது என்று அவளுக்கே தெரியவில்லை. கட்டியிடம் கைப்பேசி இல்லாததால் அதற்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. அது பாட்டுக்கு வளர்ந்தது.

கடைசியில் கிழங்கு தொண்டையில் இறங்காமல் போனதும் டாக்டரிடம் ஓடினாள்.

"வெங்காயத்துல அந்தச் சத்து இருக்கறது நிஜம்தாம்மா" என்றார் அவர். "ஆய்வுக்கூடத்துல கண்ணாடித் தட்டுல வச்ச புற்றணுவை அடக்கியிருக்கு. ஆராய்ச்சி இன்னும் நடக்குது. குழம்புல போட்டுச் சாப்பிடு, நல்லதுதான். ஆனா உன் கழுத்து கண்ணாடித் தட்டு இல்லையே."

அறுத்தார். கட்டியோடு பாதிக் குரலும் போயிற்று. உயிர் மிஞ்சியது.

காடே திரண்டு பாராட்டு விழா எடுத்தது, வெங்காயத்துக்கு. மேடையில் ஒரு பெரிய வெங்காயத்துக்கு மாலை போட்டு, தணிகாசலத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். செங்கமலம் மைக்கைப் பிடித்து, "டாக்டர்தான் அறுத்து எடுத்தார்" என்று கரகரத்தாள்.

"அதைத் தாங்கற தெம்பைக் கொடுத்தது எது?" என்றார் நரி. கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. கடைசி வரிசையில் இருந்த டாக்டருக்குச் சுண்டல்கூட வரவில்லை.

விழா முடிந்ததும் வடிவு என்ற முயல் அவளை ஓரமாக இழுத்துத் தன் வயிற்றைக் காட்டினாள். அங்கே ஒரு சின்னக் கட்டி.

"எவ்வளவு தோலு கொதிக்கவைக்கணும் அக்கா?"

"அதுல ஒண்ணும் நடக்கலைடி. டாக்டர்கிட்டப் போ."

முயலின் முகம் சுருங்கியது. "நீ மட்டும் பிழைச்சுக்கிட்டு ரகசியத்தைச் சொல்ல மாட்டேங்கறியே" என்று நரியின் புதரைப் பார்த்து நடந்தாள்.

செங்கமலம் பின்னாலேயே ஓடினாள்.

"நில்லுடி! சொல்றேன். யார்கிட்டயும் மூச்சு விடாதே. வெங்காயத்தை நாம உரிச்சா பலிக்காது. மரங்கொத்தி டாக்டர் கையால உரிக்கணும். அவர் உரிக்கறப்போ நீ அசையாம படுத்திருக்கணும். மயக்க ஊசி போடுவார், பயப்படாதே."

யாரிடமும் சொல்லாதே என்று சொன்னதால், பொழுது சாய்வதற்குள் காடு முழுக்கத் தெரிந்துவிட்டது. டாக்டரின் மரத்தடியில் ஆளுக்கொரு வெங்காயத்துடன் வரிசை நின்றது.

"இதுக்கா நான் இவ்வளவு படிச்சேன்!" என்று டாக்டர் இறக்கையைப் படபடவென்று அடித்தார். பிறகு வடிவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். கட்டி இன்னும் சின்னதாகவே இருந்தது. உள்ளே போய், ஒரு பலகையை எழுதி வாசலில் மாட்டினார்: 'இங்கு வெங்காயம் உரித்துத் தரப்படும்.'

வடிவு பிழைத்தாள்.

நீதி: எப்போதும் உண்மையே பேசு. யாராவது பிழைக்க வேண்டியிருந்தால் மட்டும் பொய் சொல்.