சிவப்பு பூசிய மேப்பு அண்ணாச்சி

கோவில்பட்டியில் தண்ணீர் விஷயத்தில் பொய் சொல்லத் தெரியாத ஒரே ஆள் மேப்பு அண்ணாச்சிதான். அதனாலேயே அவரை ஊரில் யாரும் டீ குடிக்கக்கூடக் கூப்பிட மாட்டார்கள்.

நானும் அவரும் ஒரு நிலத்தடி நீர்த் திட்டத்தில் ஒப்பந்த வேலை பார்த்தோம். செயற்கைக்கோள் படத்தை வைத்துக்கொண்டு, பாறை, சரிவு, மண் எல்லாம் பார்த்து, ஊருக்கடியில் எங்கே தண்ணீர் இருக்கலாம் என்று வரைபடத்தில் நிறம் பூச வேண்டும். இருந்தால் நீலம், சுமாருக்கு மஞ்சள், இல்லாவிட்டால் சிவப்பு. அண்ணாச்சி கை வைத்தால் ஊர் முழுக்கச் சிவப்பு. பார்க்கவே பயமாக இருக்கிறது, கொஞ்சம் மஞ்சளாவது போடுங்கள் என்று அதிகாரி கெஞ்சினார்.

"கீழ தண்ணிய நீங்க போடுங்க சார், மேல மஞ்சள நான் போடுதேன்" என்றார் அண்ணாச்சி.

படத்தில் பச்சையாகத் தெரிகிற இடத்தையும் நம்ப மாட்டார். மொபெட்டில் நேரே போய்ப் பார்ப்பார். அங்கே சீமைக்கருவேலம் நிற்கும். "இது தண்ணி இருக்க பச்சை இல்ல தம்பி, இருக்கதையும் குடிக்குத பச்சை" என்று சிவப்பை அடித்துவிடுவார். ஒரு கல்யாணப் பந்தியில் பெண்ணின் அப்பாவிடம் மாப்பிள்ளை வீட்டுத் தெரு சிவப்பு என்று சொல்லப்போய், பாயசம் வருமுன்னே எழுப்பிவிடப்பட்டார்.

அவருக்கு இருந்த ஆசை ஒன்றுதான். போர் போடும் முன்னால் ஒருத்தராவது வந்து அந்த மேப்பைப் பார்க்க வேண்டும். யாரும் வரவில்லை. நீரோட்டம் பார்க்க உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடக்கிறவரைத்தான் ஊர் நம்பியது; தண்ணீர் இருக்கும் இடத்தில் தேங்காய் நிமிருமாம். அதே மேப்பில் வேலை பார்த்த நானே, பைபாஸுக்கு அந்தப் பக்கம் வீடு கட்டியபோது தேங்காய்க்காரரைத்தான் கூப்பிட்டேன். தேங்காய் நிமிர்ந்தது. போர் வண்டி நாள் முழுக்கப் புழுதியைக் கக்கிவிட்டுப் போனது. என் மனைவி படியில் உட்கார்ந்து அழுதாள். அண்ணாச்சி வந்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தம்பி."

அவ்வளவுதான் சொன்னார். வெட்கத்தில் அதன்பிறகு நான் அவர் முகம் பார்த்துப் பேசவில்லை.

போன கோடையில் நெஞ்சுவலி என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. உடலைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கக் குடத்தோடு கிளம்பியவர்கள் தெருமுனையிலேயே நின்றுவிட்டார்கள். கிணற்று நீரோ அடிபம்பு நீரோதான் எடுப்பது அவர்கள் வழக்கம். இரண்டுமே வற்றிக் கிடந்தன. யாரோ கேன் தண்ணீர் வாங்கலாம் என்றார்கள். அவருக்கா கேன் தண்ணீர்?

அவர் வீட்டுக்குள் போய் மேப்பை எடுத்து வந்து விரித்தேன். அத்தனை சிவப்புக்கு நடுவே அந்த வட்டாரத்தில் ஒரே ஒரு நீலத் துணுக்கு இருந்தது. தீக்குச்சி அடைக்கிற வேலை நின்று மூடிக் கிடக்கும் ஒரு தீப்பெட்டி ஆபீஸின் பின்புறம். சங்கு ஊதுகிறவர் முன்னே போக, சொந்தக்காரர்கள் எல்லாம் மேப்பைப் பார்த்துப் பார்த்து நடந்தார்கள். முள்ளை விலக்கினால் ஒரு கிணறு. உள்ளே தண்ணீர் கிடந்தது.

குளிப்பாட்டி முடித்ததும் குனிந்து அவர் காதில் சொன்னேன்.

"அண்ணாச்சி, ஒங்க மேப்பு சரிதான்."