இலையோரம் ஒரு தராசு

பிறர் சொல் கேட்டு நடக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஒரே ஒருமுறை கேட்டேன். அதில் என் தங்கை மகளின் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

நாலு வருஷத்துக்கு முன், நாற்பத்தெட்டு வயதில், ஒல்லியாக வேண்டுமென்று எனக்கு ஒரு வெறி பிடித்தது. (பெரிய காரணமில்லை. குனிந்து செருப்பு மாட்டினால் மூச்சு வாங்கியது.) எட்டு மாதம் காலையில் வெள்ளரிக்காய், மதியம் ஒரு கரண்டி சோறு, ராத்திரி பப்பாளி. முதலில் எடை சரசரவென்று இறங்கியது. பிறகு நகரவில்லை, பட்டினி மட்டும் தொடர்ந்தது. சித்திரை வெயிலில் பாலக்காடே வேகும்போது, எலப்புள்ளியில் என் உரக்கடைக்குள் நான் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தேன். யூரியா வாங்க வந்தவர்கள் காய்ச்சலா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

பாலக்காட்டில் உணவு ஆலோசனை சொல்லும் டாக்டரம்மா ஒருவரைப் பார்த்தேன். "உங்க உடம்பு பஞ்சம் வந்திருக்குன்னு நினைச்சு செலவைச் சுருக்கிடுச்சு. இனி சாப்பாட்டைக் கூட்டணும். ஒரேயடியா வேண்டா. வாரம் அம்பது கிராம் சோறு கூட்டினா மதி, அது போதும்," என்றார்.

(பள்ளிக்கூடத்தில் 'வளர்சிதை மாற்றம்' என்று உருப்போட்டது இதைத்தான் என்று அன்றுதான் புரிந்தது. வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் கடைமடைக்காரன் விதைப்பதை நிறுத்திவிடுகிறான் அல்லவா, அதுதான். தண்ணீரைத் திரும்ப விடலாம். மதகை மொத்தமாகத் திறந்தால் வரப்பு உடையும்.)

ஏக்கருக்கு இத்தனை கிலோ என்று அளவு சொல்லியே வயிறு வளர்க்கிறவன் நான். உடனே சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, போகிற இடமெல்லாம் பையில் கொண்டுபோனேன்.

மூன்றாவது வாரம் நல்லேப்பிள்ளியில் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பிடித்தால்தான் அந்த வீட்டில் கை நனைப்பார்கள். முதலில் இலையில் கை வைக்க வேண்டியவன் பெண்ணின் தாய்மாமன். அதாவது நான். பெண்ணும் பையனும் கஞ்சிக்கோட்டில் ஒரே கம்பெனி; அவர்களுக்குள் எப்போதோ பிடித்துவிட்டது. நாங்கள் கிளம்பும்போது தங்கை மகள் கவிதா கார் ஜன்னல் வரை வந்து, "மாமா, அங்க போயி எதையும் கிண்டலாப் பேசிறாதீங்க," என்று கெஞ்சினாள்.

கிண்டலாக நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

வீடு பிடித்தது. மனிதர்களும் பிடித்தார்கள். தரையில் பாய் விரித்துப் பந்தி போட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா சோற்று வாளியோடு என் முன்னால் வந்ததும், தராசை எடுத்து இலையோரம் வைத்து, அதன்மேல் ஒரு கிண்ணத்தை ஏற்றி, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன்.

"இதுல போடுங்க. இருநூறு கிராம்."

அது தலைமுறையாக நெல் விளைவிக்கிற வீடு. அங்கே ஒரு காலத்தில் அளந்து போட்டது கூலியாட்களுக்கு மட்டும்தான் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. (யோசிக்கிற சக்தியையும் உடம்பு மிச்சம் பிடித்திருந்தது.)

"ஏனுங்க," என்றார் அந்த அம்மா மெதுவாக, "எங்கூட்டுச் சோறு எடைக்குத் தேறுமான்னு பாக்கறீங்களா?"

பக்கத்து இலையிலிருந்து தங்கை பல்லைக் கடித்தாள். "அண்ணா, அத உள்ள வை."

மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "வேலையாளுக்கே இப்ப நாங்க அளந்து போடறதில்லீங்க. சம்பந்தம் புடிக்கலீன்னா வாயில சொல்லிரலாமுங்க."

கவிதாவின் முகம் நினைவுக்கு வந்தது. தராசு பூஜ்யம் காட்டிக்கொண்டிருந்தது.

"புடிச்சிருக்குதுங்க. ஒடம்புதானுங்க, பட்டினி கெடந்து கெட்டுப்போச்சு. சோத்தக் கொஞ்சங் கொஞ்சமாக் கூட்டச் சொல்லியிருக்காங்க."

"கொறைக்கச் சொல்லலியே?" என்றார் அந்த அம்மா.

"இல்லீங்க. கூட்டத்தான்."

"அப்பறம் என்னத்துக்குங்க தராசு?"

அதைக் கிண்ணத்தோடு தூக்கி ஜன்னலில் வைத்துவிட்டு, கரண்டியை வாளிக்குள் விட்டார்.

பருப்புக்கு ஒருமுறை, சாம்பாருக்கு இருமுறை, ரசத்துக்கு, மோருக்கு. போதும் என்று இலையை மறைக்கப் போனால் தங்கை என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். ஆறு வாரத்துக்கான உயர்வை அரை மணியில் முடித்தேன். எட்டு மாதத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டதில் கண் கலங்கியதையும் ஒத்துக்கொள்கிறேன். ரசம் காரம் என்று சமாளித்தேன்.

கை கழுவ எழுந்தேன். எழுந்தேன் என்பது என் விருப்பம், கால்கள் ஒத்துக்கொள்ளவில்லை. வருங்கால மாப்பிள்ளை ஒருபக்கமும் அவர் அப்பா மறுபக்கமும் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, மூட்டையைச் சாய்ப்பதுபோல் கட்டிலில் சாய்த்தார்கள். சாயங்காலம் ஐந்து மணி வரை தூங்கினேன். குறட்டை தொழுவம் வரை கேட்டதாம்.

அதுவரை அழாத குறையாக உட்கார்ந்திருந்த தங்கையிடம் அந்த அம்மா சொன்னாராம்: "புடிக்காத ஊட்டுல இப்பிடி யாருங்க தூங்குவாங்க? தை மாசமே வெச்சுக்கலாம்."

தையில் கல்யாணம் முடிந்தது. தராசைத் திருப்பிக் கேட்க எனக்கு முகமில்லை.

போன வருஷம் கவிதாவுக்குப் பையன் பிறந்தான். அவனை வாராவாரம் தாம்பாளத்தில் படுக்கவைத்து அதே தராசில்தான் நிறுக்கிறார்கள். நூறு கிராம் கூடினால் வீடே கொண்டாடுகிறது. (என் எடையும் கூடித்தான் வருகிறது. அதை யாரும் கொண்டாடுவதில்லை.)

சென்ற மாதம் அங்கே பந்தியில் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை தராசைக் குழந்தையோடு தூக்கிவந்து என் இலையோரம் வைத்தார்.

"மாமா, உங்களுக்கு வேணும்னாச் சொல்லுங்க. பையன எறக்கிர்றேன்."

நான் இலையை முன்னால் இழுத்துக்கொண்டேன்.