கந்தையா எழுதிக் கொடுத்த மூன்று அறிகுறிகள்

"இன்னிக்கு லோரி வேணாங்கய்யா" என்றார் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் சன்னாசி.

மலாயாவில் அவசரகாலத்தின் மூன்றாவது வருஷம் அது. ரப்பர் ஷீட் ஏற்றிய லோரி புக்கிட் ரோத்தான் பாதையில் போகலாமா, காட்டிலிருந்து கம்யூனிஸ்டுகள் சுடுவார்களா என்பதைச் சன்னாசிதான் சொல்வார். அவர் வேண்டாம் என்ற இரண்டு நாளும் பக்கத்துத் தோட்டத்து லோரி எரிந்தது. லோரியோடு போகவேண்டிய, கணக்கெழுதும் கிராணி கந்தையாவுக்கு அவர் வாக்கு தெய்வ வாக்கு.

புதிதாக வந்த வெள்ளைக்காரத் துரைக்கு அது போதவில்லை. காரணத்தை எழுதிக் கொடு, இல்லையென்றால் லோரி தினமும் போகும் என்றார் கந்தையாவிடம்.

"உனக்கு எப்பிடித் தெரியுது? சொல்லு, எழுதவேணும்" என்று கந்தையா சன்னாசியைக் கேட்டார்.

"மனசுக்குப் படுதுங்கய்யா. அவ்ளோதான் லா."

"இதை இங்கிலீசில எழுதினா துரை என்னை யாழ்ப்பாணத்துக்குக் கப்பல் ஏத்திப்போடுவார்."

கந்தையா தானாகவே எழுதினார். கூலி லயத்து நாய்கள் குரைக்காமல், பெரிய மரத்தில் காக்கை உட்கார்ந்து, ஏழு மணிக்குள் பனி விலகினால் லோரி போகலாம். முத்து முத்தான கையெழுத்து.

துரை அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். இவ்வளவு தெளிவாக இருக்கும்போது மண்டோர் எதற்கு? சன்னாசியைப் புக்கிட் ரோத்தானுக்கு அப்பாலிருந்த தோட்டப் பிரிவுக்கு மாற்றினார்.

கந்தையா ஓடினார். "துரை, ஒரு மாசம் அவன் இஞ்சயே இருக்கட்டும்."

"ஏன், நீ எழுதியது பொய்யா?"

வேலை போய்விடும். வீட்டில் மனைவி வாகீஸ்வரி, மூன்று பெண் பிள்ளைகள். "சீச்சீ, அத்தனையும் உண்மை துரை."

திங்கட்கிழமை நாய்கள் தூங்கின. பனியும் இல்லை. ஒரு நாய் குரைத்தது என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தால், துரையே வராந்தாவில் தேநீரோடு நின்று காக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

கந்தையாவுக்குச் சாவு பயம் வந்துவிட்டது. லோரியில் ஏறினார். புது இடத்துக்குப் போக மூட்டையோடு சன்னாசியும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்ததும்தான் உயிர் வந்தது. டிரைவர் ராஃபேல் வண்டியை எடுத்தான். தோட்டத்து கேட் பின்னால் போயிற்று.

"சன்னாசி, அந்தத் தாளை விடு. இண்டைக்கு எப்பிடி? நீ சொல்லு."

சன்னாசி அன்று முதல் தடவையாகத் திரும்பி அவரை உற்றுப் பார்த்தார்.

"நான் என்னத்தங்கய்யா கண்டேன்? தெனமும் காலையில ஒங்க மூஞ்சியப் பாப்பேன், பேயறைஞ்ச மாதிரி வெளுத்திருந்தா லோரி வேணாம்பேன்... ராஃபேலு, வண்டியக் கொஞ்சம் நிறுத்துப்பா, நான் நடந்தே போயிக்கிறேன்."