மாப்பிள்ளையின் மடக்குக்கத்தியும் என் பட்டு வேட்டியும்

புதிதாகக் கத்தி வாங்கியவன் கண்ணுக்கு உலகத்தில் எல்லாமே வெட்டப்படக் காத்திருப்பது போலத் தெரியும். அந்த ஒரு வாரத்துக்கு அவனை நல்ல காரியங்களுக்குக் கூப்பிடாமல் இருப்பதே எல்லோருக்கும் நல்லது. என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

என் தங்கை ஸ்டெல்லாவைச் சாந்தன்பாறையில் ஏலத்தோட்டத்து சூப்பர்வைசர் அந்தோணிக்குக் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவர்களுடைய முதல் பெண் குழந்தைக்கு ஞானஸ்நானம், ஞானத்தகப்பன் நான். எலப்புள்ளியிலிருந்து பட்டு வேட்டியும், ஆன்லைனில் வாங்கிய மடக்குக்கத்தியுமாக மலையேறினேன். (ஞானஸ்நானத்துக்கு எதற்குக் கத்தி என்று என் மனைவி கேட்டாள். வழியில் தேவைப்படும் என்றேன். வழியில் ஒரு ஆரஞ்சுப் பழம் மட்டும் தேவைப்பட்டது. அதையும் அவள் கையாலேயே உரித்துவிட்டாள்.)

மாப்பிள்ளைக்கும் எனக்கும் சண்டை ஒன்றும் கிடையாது. பேச்சும் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து "சாப்டீங்களா", "அங்க மழை உண்டா" என்ற இரண்டு கேள்விகளிலேயே எங்கள் உறவு ஓடிக்கொண்டிருந்தது. அன்று சாமியார் வர நேரமானதால், கோயில் முற்றத்துப் பலாமர பெஞ்சில் இருவரும் அருகருகே உட்கார வேண்டியதாயிற்று. மழையைப் பற்றிப் பேசி முடித்ததும் பேச விஷயமில்லை. நான் கத்தியை எடுத்தேன்.

பொத்தானை அமுக்கினால் திறக்கும், துருப்பிடிக்காது, விரித்தபின் தானாக மடங்காமல் இருக்கப் பூட்டு உண்டு, பிடியிலேயே திருப்புளி உண்டு என்று விற்பனைக்காரனைப் போல அடுக்கினேன். அந்தோணி பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தன் பேண்ட் பையிலிருந்து ஒரு மடக்குக்கத்தியை எடுத்தார். மரப்பிடி, கறுத்துப்போன இரும்பு அலகு, இரண்டு பித்தளை ஆணி. போடியில் ஒரு பட்டறையில் வாங்கியதாம். ஆணி தளர்ந்தால் சுத்தியலால் ஒரு தட்டு, மழுங்கினால் கல்லில் ஒரு தீட்டு, அவ்வளவுதான் என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை.

"மாப்பள, அது பழம் வெட்டுறதுக்குச் சரிங்க. குத்திப் பாத்தாத்தான் உறுதி தெரியும்" என்று சொல்லி, என் கத்தியைப் பெஞ்சில் ஓங்கிக் குத்தினேன். நுனி வளையவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். இன்னும் ஆழமாக இறங்கும் என்று காட்ட, கீழே கிடந்த கல்லை எடுத்துப் பிடியின் தலையில் இரண்டு போடு போட்டேன். இரண்டாவது அடியில் பிடி இரண்டாகப் பிளந்து, திருப்புளி ஒரு பக்கமும் பொத்தான் ஒரு பக்கமுமாகத் தெறித்தது. அலகு மட்டும், நகக்கண் அளவு வெளியே தெரிய, பெஞ்சுக்குள் இறங்கி நின்றது.

அந்தச் சமயத்தில் சாமியாரின் ஜீப் வந்தது. எல்லோரும் எழுந்தார்கள். நானும் எழுந்தேன். என் வேட்டி எழவில்லை.

பரந்து கிடந்த பட்டு வேட்டியையும் சேர்த்துத்தான் குத்தியிருக்கிறேன். இன்னும் அரை அடி எழுந்திருந்தால் கோயில் முற்றத்தில் என் மானம் போயிருக்கும். பொத்தென்று உட்கார்ந்து, விரலால் அலகைப் பிடுங்கப் பார்த்தேன். பிடிக்கவே இடமில்லை. ஸ்டெல்லா குழந்தையோடு வாசலில் நின்று, "அண்ணா, எல்லாரும் உள்ள போயிட்டாங்க, எந்திரிச்சு வாங்க" என்றாள். நான் மலையை ரசிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

"நீங்க போங்க மாப்பள. நான் பொறகு வாறனுங்க."

"ஞானத்தகப்பன் பொறகு வந்தா, புள்ளைக்கு யாரு மச்சான் மெழுகுதிரி புடிக்கது?" என்றவர் அப்போதுதான் குனிந்து பார்த்தார்.

அவர் சிரித்திருக்கலாம். நானாக இருந்தால் ஊரையே கூப்பிட்டுக் காட்டியிருப்பேன். அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். பிறகு செருப்பு வாரைச் சரிசெய்பவர் போல மண்டியிட்டார்.

"அசையாம இருங்க மச்சான்" என்று சொல்லி, அந்தப் பழைய கத்தியால் அலகைச் சுற்றி வேட்டியை அறுத்தார். ஒரு நூல் பிசிறவில்லை. நான் விடுதலையானேன். ஆனால் இடது தொடைப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜன்னல் திறந்திருந்தது.

ஒரு கையில் மெழுகுதிரி, இன்னொரு கை குழந்தையின் மேல். ஜன்னலை மூட மூன்றாவது கை எனக்கில்லை.

"இடப்பக்கம் நான் இருக்கேன். நீங்க நடங்க" என்றார் அந்தோணி.

ஒட்டினார். நான் நடந்தால் நடந்தார், நின்றால் நின்றார். தண்ணீர்த் தொட்டி, பீடம், மாதா சுரூபம் என்று நான் போன இடமெல்லாம் என் இடுப்போடு இடுப்பாக வந்தார். குழந்தையின் தகப்பன் தாயோடு நிற்க வேண்டும் என்று, பூசைக்கு உதவும் கோயில்பிள்ளை இரண்டு முறை சைகை காட்டியும் நகரவில்லை. ஸ்டெல்லா எங்களை முறைத்த முறைப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

சாமியார் அதைக் கவனித்துவிட்டார். பிரசங்கத்தில், மச்சானும் மாப்பிள்ளையும் இப்படி ஒருவரை ஒருவர் விட்டுப் பிரியாமல் நிற்பதைப் பார்க்கத் தன் மனம் நிறைகிறது என்றும், மற்ற குடும்பங்களும் இதைப் பார்த்துப் பழக வேண்டும் என்றும் உருக்கமாகச் சொன்னார். சபையே எங்களைத் திரும்பிப் பார்த்தது. எனக்கு வியர்த்தது. அந்தோணியின் தோள் மெல்லக் குலுங்குவது தெரிந்தது. அழுகிறார் என்று முன்வரிசைப் பெண் ஒருத்தி தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பும் ஜீப்பில் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அன்று தொடங்கிய பேச்சு இன்றும் ஓயவில்லை. இப்போது வாரத்தில் பாதி நாள் போனில் அவரோடுதான் பேசுகிறேன். என் மனைவிக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு.

கத்திகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்னுடையது துருப்பிடிக்காது என்று விற்றவன் சொன்னது உண்மைதான். பெஞ்சில் அது இன்னும் பளபளவென்று நிற்கிறது. உட்காருபவர்களைக் கோயில்பிள்ளை ஒருமுறை எச்சரித்துத்தான் உட்கார வைக்கிறாராம். அந்தோணியின் கத்திக்கு நடுவில் ஒருமுறை ஆணி தளர்ந்தது. ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார்.

போன மாதம் அவர்களுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. இதற்கும் ஞானத்தகப்பன் நான்தான் என்று சொல்ல அந்தோணியே போன் செய்தார். நேரம், நாள் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, வைப்பதற்கு முன்னால் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார்.

"மச்சான், இந்தத் தடவ பேண்ட் போட்டு வாங்க. நான் எம் பொண்டாட்டி பக்கத்துல நிக்கணும்."