எறக்கம் நாநாவும் அத்தை பார்த்த கடலும்

உலகம் தட்டையாகப் படைக்கப்பட்டிருந்தால் எறக்கம் நாநா பட்டினி கிடந்தே செத்திருப்பார். மாத்தளையில் அவருடைய காரில் ஒருமுறை ஏறியவர்கள் யாரும் இதை மறுக்கமாட்டார்கள். முஸ்லிம்களை அண்ணன் என்ற பொருளில் நாநா என்போம்; அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. கடைவீதிக்கு மேலே உள்ள மேட்டில் ஒரு பழைய ஆஸ்டினை வைத்துக்கொண்டு ஹயரிங், அதாவது வாடகைக்கு, ஓடிய மனிதர். அவ்வளவுதான் தெரியும்.

அந்தக் காரில் செல்ப் ஸ்டார்ட்டர் வேலை செய்யாது. வெளிநாட்டுச் சாமான்கள் வருவது நின்றுபோன காலம், புதிதாக ஒன்று வாங்கிப் போடவும் வழியில்லை. எஞ்ஜினைக் கிளப்ப முன்னால் செருகித் திருப்புகிற இரும்புக் கம்பி ஒன்று இருந்தது. அது ஒருநாள் திருப்பியடித்து நாநாவின் மணிக்கட்டைப் பதம் பார்த்துவிட்டது. கட்டுப்போட்ட கையோடு நேரே பாலத்துக்குப் போனவர், அந்தக் கம்பியைச் சுதுகங்கையில் வீசிவிட்டு வந்து தேத்தண்ணீர் குடித்தார். அதன்பிறகு அவர் நம்பியது இறக்கத்தை மட்டுமே. காரை எப்போதும் மூக்கு பள்ளத்தைப் பார்க்கும்படி சரிவில் நிறுத்துவார். சக்கரத்துக்கு முன்னால் ஒரு கல். கல்லை எடுத்தால் கார் உருளும். உருளும்போது கிளச்சை விட்டால் எஞ்ஜின் நாலு தடவை இருமிவிட்டு உயிர்பெறும்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளியை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கமாட்டார். மேலே மேட்டில் இறக்கிவிட்டு, “நடந்து போங்கொ, நோயாளிக்கு நட நல்லம்” என்பார். ஒரு கலியாணத்தில் மாப்பிள்ளை வீடு சமதரையில் இருந்ததால், மணமக்களை ஓடுகிற காரிலிருந்தே இறங்கச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. மணப்பெண் எனக்குத் தூரத்துச் சொந்தம் என்பதால் அது கதையல்ல என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

இப்படிப்பட்டவரை என் அப்பா திருகோணமலைக்குக் கூட்டிப்போகக் கேட்டார் என்றால் அதற்குக் காரணம் என் அத்தை.

அத்தை எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, அங்கேயே விதவையானவர். மகன்கள் இருவரும் முன்பே இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். அறுபதுகள் முடியப்போகிற அந்த நேரத்தில் தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்புகிற ஒப்பந்தப்படி அத்தைக்கும் இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. குறித்த நாளுக்குள் ரயில் ஏறித் தலைமன்னார் போய்க் கப்பலில் ஏறியாக வேண்டும். தவறினால் போலீஸ் வந்து கூட்டிப்போகும். அத்தை அதுவரை கடலைப் பார்த்ததே கிடையாது. கப்பல் என்ற சொல்லைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வார். ஒருமுறை கடலைக் காட்டிவிட்டால் பயம் தெளிந்துவிடும் என்று அப்பா கணக்குப்போட்டார். போகிற வழியில் தம்புள்ளைக் குகையில் இருக்கிற பெருமாளையும் கும்பிட்டுவிடலாம். அப்பா, அம்மா, அத்தை, நான். காலையில் போய் இரவுக்குள் வந்துவிட வேண்டும், ஏனென்றால் அத்தையின் ரயில் மறுநாள் விடியற்காலை.

வேறு கார்கள் எல்லாம் ஏதோ திருவிழாவுக்குப் போய்விட்டிருந்தன. அப்பா நாநாவிடம் பயந்து பயந்து கேட்டார்.

“நாநா, கடற்கரை சமமா இருக்குமே. அங்க கார எப்படி எடுப்பீங்க?”

நாநா அப்பாவைப் பரிதாபமாகப் பார்த்தார். “மொதலாளி, ஆத்துத் தண்ணியெல்லாம் எங்க போகுது?”

“கடலுக்கு.”

“தண்ணி மேல ஏறுமா, கீழ எறங்குமா? கடல் வரைக்கும் எறக்கம் ஈக்கிது. இல்லாட்டித் தண்ணி எப்பிடிப் போற?”

புடவைக் கடையில் இருபது முழத்தை ஒரு பார்வையில் அளந்துவிடுகிற என் அப்பா இதற்குத் தலையாட்டிவிட்டு வந்தார். எனக்கு அப்போது வயது இருபத்தொன்று. மலைநாட்டில் பிறந்தவள். உண்மையைச் சொன்னால், எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

தம்புள்ளையில் நாநாவுக்கு ஏக சந்தோஷம். பாறையின் அடியில் அருமையான ஒரு சரிவு. கார் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. நாங்கள் மலையேறினோம். குகைக்குள் குளுகுளுவென்றிருந்தது. படுத்திருக்கிற புத்தரின் பாதத்தைப் பார்த்துவிட்டு அத்தை, “எம்புட்டு நிம்மதியாத் தூங்குறாரு பாரு, இவருக்கு எந்த ஊருக்கும் போக வேணாம்” என்றார். பெருமாளுக்கு முன்னால் கண்ணை மூடியவர் வெகுநேரம் திறக்கவில்லை. என்ன வேண்டினீர்கள் என்று கேட்டேன்.

“கப்பல் கவுந்துறக் கூடாதுன்னு கேட்டேன். அவரு ஒண்ணும் சொல்லல” என்றார் அத்தை.

கீழே வந்தால் காரின் மூக்குக்கு முன்னால் யாத்திரை பஸ் ஒன்று அணை கட்டியதுபோல் நின்றது. உருள இடமில்லை. பஸ்காரர் தானும் குகை பார்க்கப் போய்விட்டார். நாநா சிங்களத்தில் ஒரு பாட்டம், தமிழில் ஒரு பாட்டம் அந்தக் காலி பஸ்ஸைத் திட்டினார். அது அசையவில்லை. அப்பா கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் வானத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். பஸ் நகர்ந்து நாங்கள் கிளம்பியபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

அங்கிருந்து போகப் போக மலைகள் பின்வாங்கின. ஹபரணை தாண்டியதும் சாலை ஒரே நேர்கோடு, இருபுறமும் காடு. நாநாவின் பேச்சு குறைந்தது. கந்தளாய் தாண்டியதும் அடியோடு நின்றது. “என்ன ஊர் இது, தோசக்கல்லு மாதிரி ஈக்கிது” என்று ஒரே ஒரு தடவை முணுமுணுத்தார்.

திருகோணமலைக்குப் பக்கத்து நிலாவெளியில் தென்னைகளைத் தாண்டி மணலுக்கு வந்தோம். கடல் தெரிந்தது. கூடவே நாநாவுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இறக்கம் எல்லாம் முடிந்துபோகிற இடம் அதுதான். எஞ்ஜினை ஓடவிட்டபடி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “நீங்க போய்ப் பாருங்கொ, நான் இப்பிடியே ஈக்கிறன்” என்றார். அவர் சொல்லி முடிக்கவில்லை, மணலில் பின்சக்கரம் புதைந்தது. எஞ்ஜின் ஒரு விக்கல் விக்கி அணைந்தது.

அந்த நேரத்தில் அத்தை கடலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அலை வந்து காலைத் தொட்டதும் அலறிப் பின்னால் ஓடிவந்தார்.

“இம்புட்டுத் தண்ணியா? இதுக்கு மேலயா என்னை ஏத்தி விடப்போறீங்க? தம்பி, நான் போகல. போலீசு வந்தா வரட்டும்.”

“அக்கா, புள்ளைங்க ரெண்டும் ராமேஸ்வரத்துல வந்து காத்துக்கிட்டு நிப்பாங்க.”

“நிக்கட்டும். நான் எல்கடுவயிலயே சாகுறேன்.”

பயம் போக்கக் கூட்டிவந்த இடத்தில் பயம் பத்து மடங்காகிவிட்டது. தோட்டத்தில் அத்தை இருந்த ஒற்றையறை வீடான லயத்துக் காம்பிராவை அடுத்தவருக்குக் கொடுத்தாகிவிட்டது, அத்தைக்குத் திரும்பிப்போக இடமே இல்லை. கிளம்பலாம் என்றால் கார் பிணமாகக் கிடக்கிறது. அம்மா எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்தார். எங்கள் வீட்டில் பூகம்பம் வந்தாலும் அம்மா முதலில் சோறுதான் போடுவார்.

காப்பாற்றியவர்கள் கரைவலை இழுத்துக்கொண்டிருந்த மீனவர்கள். “என்ன அண்ணே, மோட்டார மணலில மேய விட்டிருக்கிறியளோ?” என்று சிரித்துக்கொண்டே வந்தார்கள். வலை கரையேறியதும் அதே கயிற்றைக் காரில் கட்டினார்கள். இருபது பேர் பாட்டுப் பாடிக்கொண்டு இழுக்க, நாநா உள்ளே மீனைப்போல முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஆஸ்டின் தார்ச்சாலைக்கு வந்து இருமி உயிர்பெற்றது. “நிக்கவேணாம், ஏறுங்கொ, ஏறுங்கொ!” என்று நாநா கத்தினார். அத்தையை அப்பாவும் அம்மாவும் தூக்கித்தான் போட்டார்கள். வழியெல்லாம் அத்தை ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தார்: “நான் போகல.”

கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் நடுவில், வெளிச்சம் மங்குகிற நேரத்தில், சாலையின் குறுக்கே யானை நின்றது. தனி யானை.

நாநா பிரேக்கை மிதித்தார். அந்தச் சாலையில் போகிற எல்லோருக்கும் தெரிந்த முறை ஒன்று உண்டு. வெளிச்சத்தை அணைக்க வேண்டும், எஞ்ஜினை அணைக்க வேண்டும், யானை தானாகப் போகும்வரை மூச்சுவிடாமல் இருக்க வேண்டும். நாநா வெளிச்சத்தை மட்டும் அணைத்தார். எஞ்ஜின் தடதடத்துக்கொண்டிருந்தது. யானை காதை விரித்தது.

“நாநா, அணைங்க” என்றார் அப்பா, குரலே இல்லாமல்.

“அணைச்சா பொறகு எடுக்க ஏலா மொதலாளி. இது சமதர. விடியிற வரைக்கும் இங்கதான் கெடக்கோணும். அக்காட ரயில் போயிரும்.”

“அணைங்க நாநா!”

யானை ஓரடி முன்னால் வைத்தது. நாநா “பிஸ்மில்லாஹ்” என்று கண்ணை மூடிக்கொண்டு சாவியைத் திருப்பினார். அவர் தன் கையாலேயே சமதரையில் எஞ்ஜினை அணைத்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தன் கழுத்தைத் தானே திருகியவர்போல உட்கார்ந்திருந்தார். யானை நிதானமாக வந்து, பானெட்டை மோந்து பார்த்தது. அம்மா மடியில் இருந்த வாழைப்பழச் சீப்பைச் சத்தமில்லாமல் எடுத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் வந்தன. கடைசியில் அது ஒரு கிளையை முறித்துக்கொண்டு காட்டுக்குள் போனது. கிளை முறிகிற சத்தம் தூரத்தில் கேட்கும்வரை நாங்கள் அசையவில்லை.

இப்போது தள்ள வேண்டும். அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். ஆனால் அப்பா, அம்மா, நான் மூவரும் தள்ளினால் அந்தக் கார் அசையாது. நாநாவும் இறங்க வேண்டும். அப்படியானால் உள்ளே யார்? முழங்கால் வலியால் தள்ள முடியாத அத்தை மட்டும்தான் மிச்சம்.

நாநா அத்தையை டிரைவர் இடத்தில் உட்காரவைத்து, கியரை ரெண்டில் போட்டுவிட்டு, கைகூப்பாத குறையாகச் சொன்னார். “அக்கா, இடது கால இதில அமத்திப் புடிங்கொ. நான் ‘விடுங்கொ’ என்டா விடோணும். வேற ஒண்டையும் தொடவேணாம்.”

“ஐயோ சாமி, எனக்கு ஒண்ணும் தெரியாதே!”

“தெரியவேணாம். விட்டாப் போதும்.”

நால்வரும் தள்ளினோம். காட்டுப் பக்கம் பார்க்காமல் தள்ளினோம். கார் உருண்டது. “விடுங்கொ!” என்று நாநா கத்த, அத்தை விட்டார். எஞ்ஜின் இருமியது, பிடித்துக்கொண்டது. அதோடு கார் சீறிப் பாய்ந்தது. சும்மா இருக்க வேண்டிய வலது காலை அத்தை எங்கே வைத்திருந்தார் என்பது எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது.

ஆஸ்டின் என் அத்தையோடு ஹபரணையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து “மாரியாத்தா!” என்ற சத்தம் தேய்ந்துகொண்டே போனது. நாநா சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பை உதறிவிட்டு ஓடினார். அந்த உடம்புக்குள் அப்படி ஓர் ஓட்டம் இருக்குமென்று யாருமே நினைத்திருக்கமாட்டார்கள். தாவி ஃபுட்போர்டில் ஏறி, ஜன்னல் வழியாக ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

“வலது கால எடுங்கொ அக்கா!”

“எது வலது?”

“சோறு திங்கிற கைப்பக்கத்துக் கால்!”

நாநா கையை நுழைத்துக் கியரை விடுவிக்க, கார் வேகம் குறைந்து நின்றது. எஞ்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. நாங்கள் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது அத்தை ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் குலுங்கிக்கொண்டிருந்தார். அழுகிறார் என்று அப்பா பதறிப்போய்த் தோளைத் தொட்டார். அத்தை சிரித்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

“தம்பி, காரையே ஓட்டிப்புட்டேன்டா” என்றார் அத்தை. “கப்பல்ல சும்மா ஒக்காந்துதானே போகணும்? அத எவனோ ஓட்டுவான். போறேன்.”

அப்பா அங்கேயே, நடுச்சாலையில், குழந்தைபோல அழுதார். போகமாட்டேன் என்று அத்தை சொன்னபோது வராத கண்ணீர், போகிறேன் என்றதும் வந்தது. அவருக்கு இருந்தது அந்த ஒரே அக்கா.

மறுநாள் விடியலில் நாங்கள் கூப்பிடாமலே நாநா வந்து வாசலில் நின்றார். அத்தையையும் எங்களையும் டிரங்குப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷன் முற்றம்வரை போனார். பெட்டியைத் தானே தூக்கிப் பிளாட்பாரத்தில் வைத்தார். ரயில் நகர்ந்தபோது அத்தை கதவருகில் நின்று எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். நாநாவைப் பார்த்ததும் வலது காலைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார். நாநா சிரிக்க முயன்றார், முடியவில்லை. அத்தையை நாங்கள் அதன்பிறகு பார்க்கவேயில்லை.

வெளியே வந்தால் முற்றத்தின் நடுவில், தட்டையான தரையில், ஆஸ்டின் சத்தமில்லாமல் நின்றது.

“என்ன நாநா, அணைச்சிட்டீங்களா?” என்றேன்.

நாநா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தபடி சொன்னார்:

“வழியனுப்ப வந்த எடத்தில எஞ்ஜின ஓடவிட்டா, ‘போ போ’ என்டு செல்லுற மாதிரி ஈக்கும் புள்ள.”

ஸ்டேஷன் போர்ட்டர் ஒருவரையும் கூப்பிட்டுக்கொண்டு நாங்கள் மூவரும் காரின் பின்னால் போய்க் கை வைத்தோம். அந்த மனிதருக்காக அந்தக் காரை மாத்தளை முழுக்கத் தள்ளச் சொல்லியிருந்தாலும் அன்று தள்ளியிருப்பேன்.