த்ரீபேஸின் கச்சேரியும் என் மொட்டைக் கடுதாசியும்

காவிரிப் பாசனத்தில் பிறந்து வளர்ந்தவர்களில், பம்புசெட்டுச் சத்தத்தைக் கேட்டுக் கண் கலங்கிய ஒரே மனிதன் எங்கள் தெரு த்ரீபேஸ்தான். மோட்டார் நின்றுபோனதற்காகக் கலங்கியவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கிற மோட்டாரின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "என்னமா அதிருது பாருங்க சார்!" என்று மூக்கை உறிஞ்சியவன் அவன் ஒருவன்தான்.

அவனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. அதை ரேஷன் கார்டில் மட்டுமே பார்க்கலாம். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தவன், முப்பது வயதுக்கு மேல் அதை விட்டுவிட்டு, குடவாசல் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து, என் எதிர்வீட்டு மாடியில் அம்மாவோடு குடியேறினான். கம்ப்யூட்டரில் இசையமைப்பதுதான் தொழில் என்றான். மிருதங்கம் கிடையாது, வயலின் கிடையாது, பாடுகிறவரும் கிடையாது. வயலிலோ வாய்க்காலிலோ அரிசி ஆலையிலோ எது சத்தம் போட்டாலும் பிடித்து வந்து, வெட்டி, ஒட்டி, இழுத்து, முறுக்கி, இணையத்தில் தானே வெளியிட்டுவிடுவான்.

நான் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் முப்பத்தொரு வருஷம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். ஒலியியல்தான் என் பாடம். இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. பிற்பாடு நான் செய்த அற்பக் காரியத்துக்கு அந்தப் படிப்புதான் துணை போனது.

"என்னங்க, எதிர்வீட்டுப் புள்ளை செத்த பூனையைக் கம்புல மாட்டிக்கிட்டுப் போவுது!" என்று முதல் வாரமே என் மனைவி மூச்சிரைக்க வந்து சொன்னாள். போய்ப் பார்த்தேன். காற்றிரைச்சல் விழாமல் இருக்க மைக்குக்குப் போட்டிருந்த ரோம உறை அது. அந்தப் பூனையோடு அவன் போகாத இடம் இல்லை. அறுவடை முடிந்த வயலில் மேய வந்த வாத்துக்கூட்டத்தின் பின்னாலேயே நடந்து, முத்துப்பேட்டை வரை போய்விட்டு, நாலாம் நாள் முழங்கால் சேற்றோடு திரும்பினான். வாசலில் நின்ற அவன் அம்மா கேட்டார்:

"சாப்டியாடா?"

"வாத்துக்காரரு போட்டாரும்மா."

"என்னத்தைப் போட்டாரு?"

"முட்டை."

"நாலு நாளுமா?"

"மூணு நாள். நாலாம் நாள் நானே வேணாம்னுட்டேன்."

பாவம் அந்த அம்மா. மகன் என்ன வேலை செய்கிறான் என்று கேட்பவர்களிடம், "வெளிநாட்டுக் கம்பெனிக்கு மோட்டார் டெஸ்ட் பண்றான்" என்று சொல்லி வைத்திருந்தார். அவன் வெளியீடுகளின் பெயரைப் பார்த்தால் அது பொய் என்றும் சொல்ல முடியாது. 'கிழக்கு மோட்டார்', 'மேற்கு மோட்டார்', 'மேற்கு மோட்டார், காயில் போன பிறகு'. மூன்றையும் எனக்குப் போட்டுக் காட்டினான்.

"இதுல பாட்டு எங்க தம்பி வருது?"

"வந்துட்டுப் போயிருச்சே சார்!"

வெளிநாட்டில் யாரோ ஒருவர் 'மேற்கு மோட்டா'ரை ரீமிக்ஸ் செய்து அனுப்பியிருந்தார். எவ்வளவு பெருமை! இவனோ இரண்டு நாள் சாப்பிடவில்லை. "பேரிங் போன சத்தத்தைச் சுத்தமாத் தொடைச்சு எடுத்துட்டான் சார். அதுதானே பாட்டே!" பிறகு அந்த ரீமிக்ஸ்காரரின் ஊரிலேயே, ஒரு பழைய தொழிற்சாலைக் கொட்டகையில் இவனுக்குக் கச்சேரி நடந்தது. அதன் வீடியோவை அம்மா எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினார். புகைக்கு நடுவில் வெள்ளைக்காரர்கள் கண்ணை மூடி ஆடிக்கொண்டிருந்தார்கள். பின்னால் எங்கள் ஊர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. "எல்லாருக்கும் சாமி வந்த மாதிரில்ல இருக்கு," என்றார் அம்மா. "யாராவது துன்னூறு பூசினா தேவலை."

த்ரீபேஸ் என்ற பெயர் வந்த கதைக்கு வருகிறேன். எங்கள் பக்கம் வயல் மோட்டாருக்கு மும்முனை மின்சாரம், அதாவது த்ரீபேஸ் கரண்டு, முறை வைத்துத்தான் வரும். எப்போது வந்தது என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. முதல் மோட்டார் ஓடும் சத்தம் காதில் விழுந்தால் போதும், மற்றவர்கள் ஸ்டார்ட்டரைப் போட ஓடுவார்கள். ஒரு நாள் மத்தியானம், ஊரே சாப்பிட்டுக் கண்ணயர்ந்திருந்தபோது, இவன் புதிதாக வாங்கிய இரண்டு ஆளுயர ஸ்பீக்கர்களில் 'கிழக்கு மோட்டா'ரைப் போட்டுவிட்டான்.

தெருவில் அத்தனை கதவும் திறந்தது. வேட்டியை மடித்துக் கட்டியவர் பாதி, கட்டிக்கொண்டே ஓடியவர் பாதி. முன்னால் மம்பட்டியோடு கோவிந்தராசு. ஐந்து ஏக்கர் குத்தகைக்காரர், கனத்த சரீரம். அன்றைக்கு அவர் ஓடியதைப் போல் அதற்கு முன்னும் பின்னும் ஓடியதில்லை. ஸ்டார்ட்டரை அழுத்தினால் 'டக்' என்றுகூடச் சொல்லவில்லை. மோட்டார் சத்தமோ நிற்காமல் வந்துகொண்டிருந்தது. எல்லோரும் வயலுக்கு நடுவில் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மெதுவாக எதிர்வீட்டு மாடியைப் பார்த்தார்கள்.

"வாடா த்ரீபேஸு, கீழ இறங்கி!" என்று கோவிந்தராசு வாசலில் நின்று கத்தினார். அவன் இறங்கி வந்து, "நிஜமாவே நிஜ மோட்டார் மாதிரி இருந்துச்சாண்ணே?" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். அந்த வாரமே இணையத்தில் தன் பெயரையும் த்ரீபேஸ் என்று மாற்றிக்கொண்டான்.

இதெல்லாம் நான் சிரித்த கதைகள். இனி வருவது நான் சிரிக்காதது.

புரட்டாசியில் குறுவை அறுவடை. எல்லோரும் தார்ச்சாலையில் நெல்லைக் காயவைத்திருந்தார்கள். ஈரம் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் மூட்டையைத் தொடமாட்டார்கள். என் ஒன்றரை ஏக்கர் நெல்லும் அங்கேதான் கிடந்தது. நல்ல வெயில். திடீரென்று நூற்றுக்கணக்கில் தவளைகள் கத்தத் தொடங்கின.

"புரபசரய்யா, மழை வருமா?" என்றார் கோவிந்தராசு.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருபது பேர் கேட்க, காற்றழுத்தத்துக்கும் ஈரப்பதத்துக்கும் தவளையின் தோலுக்கும் உள்ள தொடர்பை விளக்கி, "அரை மணியில் கொட்டும்" என்று தீர்ப்புச் சொன்னேன். சாலை முழுக்கத் தார்ப்பாய் விரிந்தது. நானும் ஒன்றை இழுத்துக்கொண்டு ஓடி, நெல்லில் வழுக்கி, மல்லாந்து விழுந்தேன். விழுந்த நிலையில் பார்த்தால் வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. எதிர்வீட்டு மாடியில் தவளைகள் சட்டென்று நின்றன. பிறகு, முதல் தவளையிலிருந்து மறுபடி தொடங்கின.

ஊர் சிரித்தது. த்ரீபேஸைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. அதன் பிறகு ஒரு வாரம் டீக்கடையில், "சார், தவளை என்ன சொல்லுது?" என்பதுதான் எனக்கு வணக்கம்.

அந்தச் சமயத்தில்தான் அவன் எங்கள் ஊரிலேயே கச்சேரி வைத்தான். மாதக் கடைசி ஞாயிறு, சாயங்காலம், அரிசி ஆலைக்கு எதிரே உள்ள நெல் களத்தில். எங்கெங்கோ வாசித்தவனை அவன் அம்மா ஒரு தடவைகூட நேரில் கேட்டதில்லை. அவர் கேட்கத்தான் இந்தக் கச்சேரி. போலீஸ் அனுமதிக்கு எழுதிப் போட்டிருந்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தக் கச்சேரியைத் தடைசெய்யச் சொல்லி ஒரு மொட்டைக் கடுதாசி எழுதினேன்.

இடது கையால் எழுதினேன். தபால் முத்திரை காட்டிக்கொடுக்கக் கூடாது என்று பஸ் ஏறித் திருவாரூர் போய்ப் பெட்டியில் போட்டேன். ஆலைச் சுவரில் மோதும் ஒலி எந்தக் கோணத்தில் திரும்பி எந்த வீடுகளைத் தாக்கும் என்று படம் வரைந்து பாகம் குறித்தேன். அதோடு நின்றிருந்தால் இன்று இவ்வளவு கூசாது. 'இவன் பெற்ற தாய்க்கே பாரமானவன்' என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியை எழுதும்போது இடது கை கொஞ்சமும் நடுங்கவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் அந்தத் தாய் என் வாசலில் நின்றார். பட்டுப் புடவை, கையில் தாம்பாளம், வெற்றிலை பாக்கு, குங்குமச் சிமிழ், மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகை.

"கல்யாணமாம்மா தம்பிக்கு?" என்றாள் என் மனைவி.

"அதுக்கு எங்கம்மா குடுத்து வெச்சிருக்கேன்! கச்சேரிதான். கல்யாணத்துக்குப் பத்திரிகை வெக்கறப்ப வெச்சுக்கலாம், இதுக்காவது முறையா வெச்சிடறேன்." என் பக்கம் திரும்பி, "சார், நீங்க அவசியம் வரணும். முன் வரிசையில சாரை உக்கார வெக்கணும்னு அவன்தான் சொல்லி அனுப்பினான்."

மனைவி குங்குமம் எடுத்துக்கொண்டாள். நான் தாம்பாளத்திலிருந்து பாக்கை எடுத்தேன். கடுதாசி எழுதிய இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அவர் தெருக்கோடி திரும்பும் வரை காத்திருந்து, சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். எதையாவது சொல்லிக் கடுதாசியைத் திரும்ப வாங்கிவிட வேண்டும். இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றார். என் பழைய மாணவர்.

"வாங்க சார், உக்காருங்க. நீங்களே வருவீங்கன்னு நெனச்சேன்."

"நானா? எதுக்கு?"

அவர் மேஜை இழுப்பறையிலிருந்து கடுதாசியை எடுத்து வைத்தார். "மொட்டைக் கடுதாசி நெறைய பாத்திருக்கேன் சார். ஆனா 'நோக்கம், தேவையான கருவிகள், செய்முறை, காட்சிப் பதிவு, முடிவு'ன்னு தலைப்புப் போட்டு, ஸ்கேல் வெச்சு அடிக்கோடு இழுத்து வந்தது இது ஒண்ணுதான். இதே மாதிரி எழுதலைன்னு எத்தனை தடவை என் ரெக்கார்டு நோட்டைத் தூக்கிப் போட்டிருக்கீங்க!"

முப்பத்தொரு வருஷப் பழக்கம். எனக்கு வேறு மாதிரி எழுதத் தெரியாது என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. 'முடிவு' என்ற தலைப்பின் கீழ் மட்டும் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தேன். அதை அதிகாரிகள் எடுக்கட்டும் என்று.

"அனுமதி... இல்லைன்னுட்டீங்களா?"

"புகார்னு வந்தா விசாரிக்கணும்ல சார்? முந்தாநாள் அந்தப் பையனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். முழுக்கப் படிச்சான். 'சார், இந்தப் படம் ரொம்பக் கரெக்ட்டா இருக்கு, சுவர் எதிரொலிக்கு என்ன பண்றதுன்னு பத்து நாளா மண்டையை ஒடைச்சிக்கிட்டிருந்தேன், ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கவா'ன்னு கேட்டான். ஸ்பீக்கரை இந்தப் படத்துப்படி திருப்பி வெச்சா வீடுகளுக்குச் சத்தம் போகாதாம். எழுதிக் குடுத்துட்டான். நானும் அனுமதி குடுத்துட்டேன்."

நான் மூச்சு விட்டேன்.

"ஒண்ணு சார்," என்றார் இன்ஸ்பெக்டர், குரலைத் தாழ்த்தி. "ஜெராக்ஸ் எடுக்கும்போது ஒரே ஒரு வரி மேல துண்டுக் காகிதம் வெச்சு மறைச்சான். எதுக்குடான்னேன். 'வீட்டுல அம்மா பார்ப்பாங்க சார்'னான்."

அந்த மனிதர் என்னை அறைந்திருக்கலாம். கடுதாசியை மடித்து என் சட்டைப் பையில் வைத்து அனுப்பினார்.

ஞாயிறு சாயங்காலம் களம் நிறைந்திருந்தது. சென்னையிலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் கடுக்கன் போட்ட பையன்கள், தலைமுடிக்குச் சாயம் அடித்த பெண்கள். அவர்களுக்கு நடுவே எங்கள் தெரு. முன் வரிசையில் நான், பக்கத்தில் அந்த அம்மா. ஸ்பீக்கர்கள் என் படத்தில் குறித்த அதே கோணத்தில் நின்றன. முதலில் மோட்டார் கிளம்பியது. பழக்கதோஷத்தில் பத்துப் பேர் எழுந்துவிட்டார்கள், கோவிந்தராசு, "உக்காருங்கடா, கரண்டு வரலை!" என்றார். ஓடிக்கொண்டிருந்த மோட்டாருக்குள்ளிருந்து ஒரு தாளம் பிரிந்து வந்தது. அதன் மேல் வாத்துகள். ஆலையின் மூச்சு. ஒலியை முப்பத்தொரு வருஷம் நடத்தியிருக்கிறேன். உட்கார்ந்து கேட்டது அன்றுதான்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "சார், நல்லாத்தானே இருக்கு?" என்றார்.

"ரொம்ப நல்லா இருக்கும்மா."

அப்புறம் தவளைகள் வந்தன. "புரபசரய்யா! மழை வருமா?" என்று பின்னாலிருந்து கோவிந்தராசு. களமே சிரித்தது. நான் எழுந்து திரும்பி, "வராது! இது ரெக்கார்டு!" என்றேன். ஒரே கைத்தட்டல்.

ஐந்து நிமிஷத்தில் நிஜ மழை பிடித்துக்கொண்டது.

யார் முதலில் ஓடினார்கள் என்று தெரியவில்லை. நெல்லுக்கு வைத்திருந்த தார்ப்பாய்கள் வந்தன. ஸ்பீக்கர்கள் மேல் ஒன்று, ஜனங்கள் தலைக்கு மேல் நாலைந்து. த்ரீபேஸின் மேஜைக்கு மேல் ஒன்றை விரித்து மூன்று மூலையில் மூன்று பேர் பிடித்திருந்தார்கள். நாலாவது மூலைக்கு நான் போனேன். அவன் நிறுத்தவே இல்லை. மழையையும் மைக்கில் பிடித்துத் தவளைகளோடு கலந்துகொண்டிருந்தான்.

"தம்பி," என்றேன்.

ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்தினான். "என்ன சார்?"

"அந்தக் கடுதாசி... நான்தான் எழுதினேன். அந்த ஒரு வரி..."

"தெரியும் சார். அந்த மூலையைக் கொஞ்சம் ஒசத்திப் பிடிங்க, கம்ப்யூட்டர்ல சொட்டுது."

ஒசத்திப் பிடித்தேன். கச்சேரி முடியும் வரை இறக்கவில்லை. தோள்பட்டை வலி ஒரு வாரம் இருந்தது. அவ்வளவு சுகமான வலியை நான் அனுபவித்ததில்லை.

இதைப் பத்திரிகைக்கு எழுதும் முன் அந்த அம்மாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த வரி உட்பட. "இதைவிட மோசமா நானே அவனைத் திட்டியிருக்கேன் சார்," என்றார். "என்ன, நான் நேர்ல திட்டினேன்." பிறகு உள்ளே போய்க் காபி கொண்டுவந்தார்.

த்ரீபேஸ் ஒரு மாதமாக ஊரில் இல்லை. வெளிநாட்டில் ஐந்து ஊர்களில் கச்சேரி. நேற்று மத்தியானம் பீரோவிலிருந்து அந்தக் கடுதாசியை எடுத்து, காலியாகக் கிடந்த இடத்தில் வலது கையால் எழுதினேன்.

முடிவு: எதிர்வீட்டு மாடியில் சத்தம் இல்லை. மத்தியானத்தில் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. வியாழக்கிழமை வந்துவிடுகிறானாம்.